மனசுக்குத் தோன்றிய விலை

தேநீரின் சூடு இடது கைக்குத் தெரியவில்லை.

மர்வோத்தோ அதை முதலில் கவனிக்கவே இல்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஓட்டுக் கூரையின் விளிம்பிலிருந்து சொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வாழை இலை மேல் விழுந்துகொண்டிருந்தன. பள்ளிவாசலில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கும் டொக் டொக் சத்தம் ஈரக் காற்றில் மிதந்து வந்தது. அடுப்படியிலிருந்து தெம்பே என்னும் சோயாக் கட்டி பொரியும் வாசனை கூடம் முழுக்கப் பரவிக் கிடந்தது. கைப்பிடி இல்லாத கண்ணாடிக் குவளையை இடது கையால் இறுகப் பற்றிக்கொண்டு, இருட்டிவரும் முற்றத்தை வெறித்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். கரண்டியோடு வெளியே வந்த அவன் மனைவி லஸ்மி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ மனுஷா! இப்பதானே கொதிக்கக் கொதிக்க ஊத்துனேன். அதைப் போய் இப்படிக் கட்டிப் புடிச்சிருக்கீங்க? கீழ வைங்க!"

வைத்தான். உள்ளங்கை சிவந்து கன்றிப்போயிருந்தது. விரல் நுனிகளில் தோல் வெளுத்து உப்பத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தான்.

"வலிக்கலையா?"

"இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"இல்லன்னு சொல்றேன்ல."

லஸ்மி பற்பசையை எடுத்து வந்து தடவினாள். அவள் விரல் தன் விரலில் படுவதைக் கண்ணால் பார்த்தான். அவ்வளவுதான். புதினா வாசனை மூக்குக்கு வந்தது. குளிர்ச்சி கைக்கு வரவில்லை.

அவனுக்குப் பின்னால் சுவரில், பச்சை வெல்வெட் உறைக்குள், ரெபாப் தொங்கிக்கொண்டிருந்தது.

ரெபாப் வாசிப்பவனுக்கு இடது கைதான் சோறு. அந்த வாத்தியத்தில் இரண்டே இரண்டு பித்தளைத் தந்திகள். தந்திக்குப் பின்னால் விரலை ஊன்றிக்கொள்ளப் பலகை எதுவும் கிடையாது. வலது கை வில்லை இழுத்துக்கொண்டிருக்க, இடது கை விரல்கள் அந்தரத்தில் நின்று, தொடுகையை மட்டும் நம்பி சுருதியைத் தேடிப் பிடிக்க வேண்டும். மற்றபடி ஜாவாக்காரன் இடது கையால் யாருக்கும் எதையும் நீட்டுவதில்லை. ரெபாப் மடியில் வந்தால்தான் அந்தக் கைக்கு மரியாதை.

வாத்தியம் அவனுடையதாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்பு அது குழுவில் ரெபாப் வாசித்த பெரியவர் பாக் சஸ்த்ரோவுடையது.

சுற்றுவட்டாரத்தில் சஸ்த்ரோவின் ரெபாப்பை அறியாதவர்கள் இல்லை. பலாமரத்தில் இதய வடிவத்தில் குடைந்த உடம்பு. எருமையின் சவ்வை இழுத்துக் கட்டிய முகம். மழைக்காலத்திலும் தொய்யாத நாதம். பொம்மலாட்டத்திலோ கல்யாணத்திலோ அது முதல் இழுப்பைப் போட்டால் டீக்கடைக்காரன் சில்லறை கொடுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். போன வருடம் குளியலறையில் விழுந்த சஸ்த்ரோவுக்கு இடது பக்கம் மொத்தமாகச் செத்துப்போனது. பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. சுவரில் தொங்கிய வாத்தியத்தைப் பார்த்துக்கொண்டே ஆறேழு மாதம் கிடந்து, போய்ச் சேர்ந்தார்.

அவர் விழுந்த நாள் முதல் வாத்தியக் குழுவில் ரெபாப் வாசிக்கும் பொறுப்பு மர்வோத்தோவுக்கு வந்தது. கூடவே ஒரு மட்டமான, தகர டப்பாவைப் போல அழும் வாத்தியமும். குழுத் தலைவன் ஜுமாதி வெளிப்படையாகவே சொல்லிவிட்டான்: "மர்வோ, கோபிச்சுக்காதே. மாவட்ட அதிகாரி வீட்டுக் கல்யாணம் வருது. இந்தப் பூனைக்குட்டியை அங்க கொண்டுபோய்க் கத்த விட்டா நம்ம எல்லாரையும் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. நல்ல சத்தம் வரணும். இல்லேன்னா சோலோ நகரத்துல இருந்து ஆள் கூப்பிட வேண்டியதுதான்."

அந்தச் சமயத்தில்தான் சஸ்த்ரோவின் மனைவி வாகினெம் அம்மாள் சொல்லி அனுப்பினார். நாற்பதாம் நாள் ஓதல் வைக்க வேண்டும், ஊருக்குச் சோறு போட வேண்டும், வாத்தியத்தை நல்ல கை ஒன்றிடம் ஒப்படைக்க நினைக்கிறேன் என்று. மர்வோத்தோ யாரிடமும் மூச்சு விடவில்லை. நகரத்து ஆட்களுக்குச் செய்தி போவதற்குள் அன்றைக்கே போய் நின்றான்.

அப்படிப்பட்ட பொருளுக்கு விலை பேசும் வழக்கம் இல்லை. அம்மா என்பதற்கு அங்கே இபு. அவன் முறைப்படி கேட்டான்: "என்ன கொடுக்கட்டும் இபு?"

அந்த அம்மாளும் முறைப்படி சிரித்தார். "உங்க மனசுக்குத் தோணுறதைக் குடுங்க தம்பி."

அதற்கு என்ன அர்த்தம் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குறைவாகக் கொடு என்று அர்த்தம் இல்லை. என் மானத்தை உன் கையில் வைத்திருக்கிறேன், நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். வாங்குகிறவன் நாலு பேரிடம் விசாரித்து, பெறுமானத்துக்குமேல் கொஞ்சம் வைத்து, இதுவும் போதாது மன்னித்துவிடுங்கள் என்று சொல்லித்தான் நீட்டுவான். மர்வோத்தோ அந்த வார்த்தையை வார்த்தையாகவே எடுத்துக்கொண்டான். ஒரு வெள்ளாட்டின் விலைகூடத் தேறாத தொகையை உறையில் போட்டுப் பாயில் வைத்தான்.

அந்த அம்மாள் பிரித்துப் பார்க்கவில்லை. "காப்பி போட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போனார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. செத்தவர் பொருள் கை மாறும்போது, உரியவர் வாயைத் திறந்து 'விட்டுக்கொடுத்தேன்' என்று சொல்ல வேண்டும். காப்பி குடித்து முடித்ததும் சொல்வார்கள். ஆனால் காப்பி வருவதற்குள் அந்த அம்மாள் உறையைப் பிரித்துவிட்டால்? மகனுக்குப் போன் போட்டுவிட்டால்? அடுப்படியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. மர்வோத்தோ வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான்.

"நான் கிளம்பறேன் இபு! மழை வருது!"

வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

வண்டியில் வரும்போது உறுத்தும் என்று எதிர்பார்த்தான். உறுத்தவில்லை. சந்தோஷமாகவும் இல்லை. வயல்கள் பின்னால் போயின, மலை கூடவே வந்தது, முதுகில் வாத்தியம் லேசாக இடித்துக்கொண்டே இருந்தது, நெஞ்சுக்குள் எதுவும் நடக்கவில்லை.

கை சுட்டதற்கு அடுத்த ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜுமாதி வீட்டுக் கூடத்தில் நடந்தது. வெயில் ஜன்னல் வழியாக வந்து வெண்கலத் தகடுகள் மேல் படுத்திருந்தது. கிராம்பு சிகரெட் புகை, வேர்க்கடலைத் தோல், வெற்றிலை, சத்தம்.

பச்சை உறையைக் கண்டதும் ஜுமாதி மத்தளத்தைத் தட்டினான். "அடேயப்பா! மாப்பிள்ளை பெரிய இடத்துல சம்பந்தம் பண்ணிட்டு வந்திருக்காரு. எவ்வளவு குடுத்தே?"

"அவங்க கேட்டதைக் குடுத்தேன்."

"அவங்க கேட்டாங்களா? நம்ம ஊர்ல எந்தப் பொம்பளை வாயைத் திறந்து விலை கேட்டிருக்கா? உன் மாமியாரே உன்னைப் புடிக்கலைன்னு இன்னிவரைக்கும் சொல்லலையே!"

கூடமே சிரித்தது. மர்வோத்தோவும் உதட்டைப் பிரித்தான். சம்மணமிட்டு, வாத்தியத்தை முன்னால் நிறுத்தி, வில்லை எடுத்தான். கையில் சுட்ட கொப்புளங்கள் அமுங்கியிருந்தன. உணர்ச்சி திரும்பவில்லை. விரல் தந்தியில் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாதபோது எப்படி வாசிப்பது, ஏதாவது சாக்கு சொல்லி எழுந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டே வில்லை இழுத்தான்.

நாதம் வந்தது.

அவனுக்குத் தெரிந்த முதல் இழுப்புதான். அது மேலே ஏறி, எப்போதும் திரும்புகிற இடத்தில் திரும்பாமல், இன்னும் ஒரு படி போய், அங்கே நின்று நடுங்கி, தயங்கித் தயங்கி இறங்கியது. அவன் அதைப் படித்ததில்லை. இடது கை விரல்கள் தந்தியின் மேல் சிலந்திக் கால்களைப்போல நடந்துகொண்டிருந்தன. வலது கை பின்னாலேயே ஓடியது, குருடன் கோலைப் பிடித்துக்கொண்டு ஓடுவதுபோல. தகடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. பாடுகிற பெண் தன் அடியை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய கோங்கில் அடி விழுந்து அதன் கார்வை தரை வழியாகத் தொடை எலும்பு வரை வந்து அடங்கியது. மர்வோத்தோ வில்லை நிறுத்தினான்.

இடது கை நிறுத்தவில்லை.

ஒலி இல்லாத தந்தியில் அது இறங்கியது, ஏறியது, சுண்டு விரலை நீட்டி எதையோ தொட்டது. கொஞ்ச நேரம். பிறகு தானாகவே ஓய்ந்தது.

ஜுமாதி சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து உதட்டிலேயே வைத்திருந்தான்.

"கண்ணை மூடிக் கேட்டேன் மர்வோ. அவர்தான் உட்கார்ந்திருந்தாரு." சிகரெட்டைக் கையில் எடுத்தான். "கல்யாணக் கச்சேரி உனக்குத்தான். சோலோக்காரன் எவனும் வேணாம்."

இதற்காகத்தான் இத்தனையும். மர்வோத்தோ தலையாட்டினான். மகிழ்ச்சி என்கிற ஒன்று இப்போது வர வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. காத்திருந்தான். கூடத்தில் வேர்க்கடலைத் தோல்கள் காற்றில் நகர்ந்தன.

அந்த வாரம் முழுவதும் மழை. மதியத்திலேயே இருட்டிக்கொண்டு வந்தது, கரண்ட் போனது, வீட்டுக்குள் சுவர்கள் வியர்த்தன. ரெபாப் தொங்கிய பக்கத்திலிருந்து ஒரு வாசனை வரத் தொடங்கியது. குங்கிலியம், பழைய வெல்வெட், அதற்கு அடியில் யூகலிப்டஸ் எண்ணெய், மாற்றப்படாத படுக்கை விரிப்பு, நாள்பட்ட நோயாளியின் அறை. லஸ்மி ஜன்னலைத் திறந்தாள். மழை உள்ளே வந்தது. வாசனை வெளியே போகவில்லை.

மரத்துப்போனது மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை வந்திருந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் ஊசியால் குத்திப் பார்த்தாள். "சர்க்கரையா இருக்கும்" என்று ரத்தம் எடுத்தாள். சர்க்கரை இல்லை. "அப்ப நரம்பா இருக்கும்" என்று மஞ்சள் மாத்திரை கொடுத்தாள். ஊசி குத்திய இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் நின்றது. கை அதை உடையின் ஓரத்தில் துடைத்துக்கொண்டது. அவன் துடைக்கச் சொல்லவில்லை.

ஒரு மதியம் லஸ்மி அவன் பக்கத்தில் படுத்திருந்தாள். கூரைமேல் மழை ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. கொசுவலைக்குள் பகலா இரவா என்று தெரியாத சாம்பல் வெளிச்சம். அவன் தூங்கவில்லை. தூங்காமலும் இல்லை. இடது கை அவன் வயிற்றின் மேலிருந்து எழுந்ததைப் பார்த்தான். மெதுவாக, அறையில் விளக்கைத் தேடுகிறவன் கைபோலக் காற்றைத் தடவிக்கொண்டே போய், லஸ்மியின் முகத்தில் அமர்ந்தது. நெற்றியைத் தொட்டது. புருவத்தைத் தொட்டது. மூக்கு, உதடு, தாடை. காதோரத்து முடியை விலக்கி அங்கே எதையோ தேடியது.

லஸ்மியின் கண்கள் மூடியே இருந்தன.

"யாரு?" என்றாள்.

கை நின்றது. தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவன்போலச் சட்டென்று விலகித் திரும்பியது.

லஸ்மி எழுந்து சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். இருபது வருடம் கூட வாழ்ந்த மனிதனைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"அந்தம்மா வாயால சொன்னாங்களா?" என்று கேட்டாள். "விட்டுக்கொடுத்தேன்னு?"

அவன் வலது கையால் இடது கையைப் போர்வைக்குள் தள்ளினான்.

"அடப்பாவி." சத்தம் போடவில்லை அவள். "எவ்வளவு குடுத்தீங்க? சொல்லுங்க. எவ்வளவு?"

சொன்னான்.

லஸ்மி எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். தன் இரண்டு வளையல்களையும் கழற்றி ஒரு கைக்குட்டையில் வைத்தாள். வீட்டில் இருந்த பணத்தையெல்லாம் மேலே வைத்து முடிச்சுப் போட்டாள். "போங்க. மிச்சத்தைக் குடுங்க. வேணாம்னா வாத்தியத்தையே குடுங்க. காலைப் புடிங்க. அந்த ஒரு வார்த்தையை வாங்காம வீட்டுக்கு வராதீங்க. கை போச்சுன்னா நமக்கு என்ன இருக்கு?" வேறு பக்கம் பார்த்துச் சொன்னாள்: "அந்தக் கையோட இனி என்னால படுக்க முடியாது."

ஜுமாதி தன் வண்டியில் கூட்டிப்போனான். பின்னால் உட்கார்ந்த மர்வோத்தோ இடது கையைச் சட்டைக்குள் செருகியிருந்தான். பாதி வழி தாண்டியதும் அது சட்டைக்குள் அசைய ஆரம்பித்தது. சஸ்த்ரோ வீட்டுக்குத் திரும்பும் மூங்கில் தோப்பு வந்தபோது அது பித்தானை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"நான் அந்தக் கடையில டீ குடிச்சுட்டு நிக்கிறேன்," என்றான் ஜுமாதி. "சீக்கிரம் வா. மேகத்தைப் பாரு, மாமியார் மூஞ்சி மாதிரி இருக்கு."

பொழுது சாயும் நேரம். ஊரில் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக் கதவு மட்டும் அகலத் திறந்திருந்தது. நாற்பதாம் நாள் முடிந்து சில நாளாகியிருந்தது. இரவல் வாங்கிய பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. காய்ந்த ரோஜா இதழ்களும் ஊதுவத்திச் சாம்பலும் இன்னும் பெருக்கப்படாமல் தரையில் கிடந்தன. சுவரில் வாத்தியம் தொங்கிய ஆணி வெறுமையாக இருந்தது.

"வாங்க தம்பி, வாங்க. உட்காருங்க." வாகினெம் அம்மாள் முகத்தில் அதே சிரிப்பு. அன்று பார்த்ததைவிட மெலிந்திருந்தார். "ஓதலுக்கு வரலையே நீங்க? எல்லாரையும் கூப்பிட முடியல. அக்கம்பக்கம் மட்டும். ஆளுக்கு ஒரு பொட்டலம் சோறு. அதுலயும் கறி வெக்க முடியல, முட்டைதான். அதனால என்ன."

கோபமே இல்லாத குரல். வானிலை சொல்வதுபோல.

மர்வோத்தோ வாத்தியத்தைப் பாயில் கிடத்தினான். கைக்குட்டை முடிச்சை வலது கையால் முன்னே தள்ளினான். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தான்.

"இது எதுக்கு?"

"அன்னிக்குக் குடுத்தது குறைச்சல் இபு."

"குறைச்சலா? உங்க மனசுக்குத் தோணுறதைக் குடுங்கன்னேன். குடுத்தீங்க. மனசு என்ன மழைக்குத் திரும்பத் திரும்ப முளைக்கிற புல்லா தம்பி?" முடிச்சைப் பெருவிரலால் திருப்பித் தள்ளினார், சிரித்துக்கொண்டே.

"அப்ப வாத்தியத்தையே வெச்சுக்குங்க. பணம் வேணாம்."

"குடுத்ததைத் திரும்ப வாங்கினேன்னு ஊர் பேசவா? வேணாம்."

"ஒரு வார்த்தையாவது சொல்லுங்க." குரல் தட்டையாக வந்தது. கெஞ்சுவதுபோல வர வேண்டும் என்று முயன்றான், வரவில்லை. "விட்டுக்கொடுத்தேன்னு ஒரு வார்த்தை."

அந்த அம்மாள் அவனை ஆச்சரியமாகப் பார்த்தார். "வாத்தியத்தையா? அதை அன்னிக்கே விட்டாச்சே. காப்பி எடுத்துட்டு வந்து, விட்டுக்கொடுத்தேன் தம்பின்னு வாய் நிறையச் சொன்னேன். இந்த இடத்துல நின்னுதான் சொன்னேன். நீங்கதான் இல்ல."

சொல்லியாகிவிட்டது.

வாத்தியம் அவனுடையதுதான். முறைப்படி அவனுடையது.

"அப்ப..." என்றான். "அப்ப இது என்ன இபு?"

தொடைக்கு அடியிலிருந்து கை வெளியே வந்தது. அவன் எடுக்கவில்லை. அது வந்தது. பாயின் மேல் விரல்களை ஊன்றி, கோரைகள் சரசரக்க, நகர்ந்தது. ரெபாப் குறுக்கே கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனது. தொடவில்லை. கோலமிட்டதுபோலச் சிதறிக் கிடந்த இதழ்களைத் தாண்டியது. தோள் இழுபட, மர்வோத்தோ குனிந்தான். இன்னும் குனிந்தான்.

அது வாகினெம் அம்மாளின் முழங்காலைத் தொட்டு நின்றது.

அந்த அம்மாளின் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது. அடியிலிருந்து வேறு ஒரு முகம் வந்தது. இரண்டு கைகளாலும் அந்தக் கையை எடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"வந்துட்டீங்களா?"

மர்வோத்தோவிடம் கேட்கவில்லை.

"நாற்பது நாள் வீட்டுலதான் இருப்பீங்கன்னு சொன்னாங்க. தினமும் விளக்கு வெச்சேன். உங்க படுக்கையை எடுக்கல. ஒரு சத்தம் இல்ல, ஒரு வாசனை இல்ல. எங்க போனீங்கன்னு தெரியல எனக்கு. நாற்பதாம் நாள் எல்லாரும் உட்கார்ந்து ஓதி அனுப்பி வெச்சாங்க. அனுப்பறதுக்கு வீட்டுல யாருமே இல்லைங்க."

கை அசைந்தது. பெருவிரல் மேலெழுந்து, கண்ணுக்குக் கீழே, வழிந்துகொண்டிருந்ததைத் துடைத்தது. ஒரு முறை. மறுபடி. பிறகு காதோரத்து நரைமுடியை விலக்கி, அங்கே இருந்த சின்ன மச்சத்தின் மேல் விரல் நுனியை வைத்தது.

மர்வோத்தோவுக்கு ஈரம் தெரியவில்லை. முடி தெரியவில்லை. தோள் வரை எதுவும் இல்லை.

"இபு," என்றான். "இதை எனக்கு விட்டுக்கொடுங்க. இந்தக் கையை. அடுத்த வாரம் கல்யாணம் இருக்கு. வீட்டுல அவ காத்திருப்பா."

அந்த அம்மாள் நிமிர்ந்தார். அவன் முகத்தை ஜன்னலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அதன் வழியாக வேறு எதையோ.

"இதையா?" என்றார். "இதை எப்படி விடுவேன்?"

வெளியே ஹாரன் அடித்தது. "மர்வோ! டேய், தூறுது! வா போலாம்!"

எழுந்தான். கை அந்த அம்மாளிடமிருந்து மெதுவாக, தானாகவே விடுபட்டுக் கூட வந்தது. அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது. வாத்தியம் கிடக்கட்டும். பணம் கிடக்கட்டும். வளையல். எதுவும் வேண்டாம். வாசல் நாலடி. வெளியே சாம்பல் வெளிச்சம், மண் வாசனை, வண்டியின் முன்விளக்கு, சிகரெட்டின் சிவப்புப் புள்ளி.

"மர்வோ!"

வந்துட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். வாயின் வலது பாதி திறந்தது.

வாசற்படியில் கால் வைத்தான். இடது கை நீண்டது. கதவைப் பிடித்தது. சாத்தியது. இருட்டு. தாழ்ப்பாள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்திருந்தது. கிரீச் என்று இரும்பு சறுக்கி விழும் சத்தம்.

பின்னால் பாயை உதறி விரிக்கும் ஓசை கேட்டது. "காப்பி போடறேன், உட்காருங்க" என்ற குரல் அடுப்படிப் பக்கம் நகர்ந்தது. இளமையான குரல்.

வலது கையைத் தாழ்ப்பாளை நோக்கிக் கொண்டுபோனான். தொட்டுவிட்டான். துருவின் சொரசொரப்பு. இழுக்கப் போனான்.

மணிக்கட்டில் ஏதோ வந்து விழுந்து பிடித்தது.

அவன் இடது கையின் ஐந்து விரல்கள். குளிர்ந்தவை. நனைந்தவை. எலும்போடு ஒட்டிய கிழட்டு விரல்கள். அவனுக்கு இல்லாத இடத்தில், நகக்கண் ஓரத்தில், காய்ப்புக் காய்த்த விரல்கள். அவ்வளவு நாளில் முதல் முறையாக மர்வோத்தோவுக்கு எல்லாம் தெரிந்தது, ஒவ்வொரு விரலும் தனித்தனியாக.

அவை மெதுவாக, தந்தியில் சுருதி தேடுவதுபோல, அவன் நாடியின் மேல் நகரத் தொடங்கின.